துரைக்கு இறங்காத சைக்கிள்

நான் குள்ளன் என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்த சேதி; எனக்கு மட்டும் சைக்கிள் வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது நான் சின்னக் கிளாக்கர். பெரிய கிளாக்கர் பதவி காலியானதும் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை என்னைக் கூப்பிட்டு, "சைக்கிள் வாங்கு. எல்லா டிவிஷனும் சுத்து. ஒழுங்கா சுத்தினா வேலை ஒனக்கு" என்றார்.

பதுளையில் சைக்கிள் விற்ற முஸ்லிம் கடைக்கார நானா என்னை ஏற இறங்கப் பார்த்தார் (அதிக நேரம் பிடிக்கவில்லை). தணிவான சைக்கிள் ஒன்றை உருட்டி வந்தார்.

"குந்திப் பாருங்க ஐயா. கால் நெலத்துல படும்."

"இதுல போனா எவன் மதிப்பான்? அந்தப் பெரிசை எடுங்க நானா. என் உத்தியோகத்துக்கு அதுதான் சரி."

"பெடலை மிதிக்கப் போறது காலா, உத்தியோகமா?"

எனக்குப் பதில் தெரியாத கேள்வி கேட்பவர்களை அற்பர்கள் என்று நான் ஒதுக்கிவந்த காலம் அது. பெரிசையே வாங்கினேன்.

சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கியும் என் கால்கள் அந்தரத்தில் ஆடின. ஏறவும் இறங்கவும் ரோட்டோர மதகுக் கட்டை வேண்டும். ஆகவே மதகுக்கு மதகு பயணம் செய்தேன். (ரயிலுக்கு மட்டும் ஸ்டேஷன் இருக்கலாமோ?)

தோட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. துரை எதிரே வந்தால் குடையை மடக்க வேண்டும். சைக்கிளில் போகிறவன் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். மழையைப் பற்றி அந்தச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. சைக்கிளின் உயரத்தைப் பற்றியும்தான்.

முதல் நாள் காலை, இறக்கத்தில், துரை குதிரைமேல் எதிரே வந்தார். மதகு எங்கும் இல்லை.

"ஐயா, தொரை வாறாருங்க! எறங்குங்க, எறங்குங்க!" என்று மேட்டிலிருந்து கங்காணி கத்தினார்.

எங்கே இறங்குவது? மரியாதைக்கு ஒரு கையை எடுத்துச் சலாம் வைத்தேன். சைக்கிள் நடுரோட்டுக்குப் பாய்ந்தது. குதிரை மிரண்டு ஓரமாக ஒதுங்கியது. துரை ஒதுங்கி நிற்க, நான் கவர்னரைப்போல் சலாமோடு கடந்து, அடுத்த வளைவில் தேயிலைச் செடிக்குள் விழுந்தேன்.

"ஏண்டி, தொரை ஒதுங்குறாரு, கிளாக்கரு போறாரு!" என்று கொழுந்தெடுத்த பெண்கள் கூவியது செடிக்குள்ளும் கேட்டது.

பெரிய கிளாக்கர் வேலை அன்றைக்கே வேறொருவருக்குப் போயிற்று. ஆனால் மாலையில் கங்காணிமார் நாலைந்து பேர் வாழைப்பழச் சீப்போடு என் வீட்டுக்கு வந்தார்கள். "வெள்ளைக்காரனுக்கே எறங்காத ஆளுங்க நீங்க!" என்றார் ஒருவர். வேலைதான் போயிற்று, வீரமாவது மிஞ்சட்டும் என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

தேநீரோடு வந்த என் மனைவி சொன்னாள்:

"அதெல்லாம் இல்லீங்கண்ணே. கால் எட்டல."