பெரியவர் என்கிற பழைய பிக்கப் வண்டி எழுந்து நடந்த வரலாறு

என் அக்கா மகளும், இந்தக் குடும்பத்தில் எதைச் சொன்னாலும் "நிஜமாவா மாமா?" என்று கேட்கும் ஒரே ஆளுமாகிய மருமகளுக்கு, உன் தாய்மாமன் வானத்துக்கும் பூமிக்குமாக ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உன் அம்மா நலம். உன் அப்பா நலமா என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப்போகிறேன். அங்கே உன் நலமும், உன் வீட்டுக்காரர் நலமும், சோபாவை விட்டு இறங்காத உங்கள் பூனையின் நலமும் அறிய ஆவல்.

நிற்க. முன்கூட்டியே ஓர் உறுதிமொழி கொடுத்துவிடுகிறேன். நான் சொல்லப்போகும் கதையை யாரும் நம்பமாட்டார்கள். கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, தலை முதல் கால் வரை கிரீஸ் பூசிக்கொண்ட எனக்கே பாதிதான் நம்பிக்கை. நீ கால் பங்கு நம்பினால் போதும், மீதியை உன் வீட்டுக்காரருக்குச் சொல். அவர் நல்லவர், எதையும் நம்புவார்.

போன மாதம் நீ கேட்டாயே, "அப்பா ஏன் மாமா போன்ல 'ம்'முக்கு மேல பேச மாட்டேங்கிறார்?" என்று. அப்போது நெட்வொர்க் சரியில்லை என்று சொன்னேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது, அத்தான்தான் சரியில்லை. இடது முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கால் மடங்கமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றுவிட்டது. நம் பெரியவரின் கிளட்சோ, உனக்குத் தெரியும், ஒரு மாட்டை மிதிப்பதுபோல் மிதிக்க வேண்டும். ஊரில் பாதி வீட்டுக்குக் கட்டிலும் பீரோவும் அந்தப் பிக்கப்பில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர், சாவியைக் கொண்டுபோய் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தெருவுக்குக்கூட வரவில்லை. "யாரு ஓட்டப்போறா, வித்துடு" என்றார். அவர் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிப்பாரா, இல்லை அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு மிச்ச ஆயுளை ஓட்டுவாரா, இதுதான் எங்களுக்கு முன்னால் நின்ற கேள்வி.

உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? அழவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடினாள். "வித்துடலாம். ஆனா ஓடாத வண்டியை எவன் வாங்குவான்? ஓட வெச்சு வித்துடலாம்" என்றாள். அத்தான் "ம்" என்றார். சம்மதம் கிடைத்துவிட்டது.

பின்கட்டில் வண்டியை மூடியிருந்த தார்ப்பாயை இழுத்ததும் உள்ளேயிருந்து வெளியேறிய ஜீவராசிகளின் ஊர்வலம் மதியச் சாப்பாடு வரை நீண்டது. பானெட்டுக்குள் மூன்று தலைமுறை அணில் குடும்பம் ஒன்று வாடகை இல்லாமல் குடியிருந்தது. காலி செய்யச் சொன்னதற்கு மூத்த அணில் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. துருவோ துரு. தட்டத் தட்டக் கொட்டிய துருவில் இன்னொரு வண்டியே செய்திருக்கலாம். காற்றடித்து அது வானத்தில் பரவ, பக்கத்துத் தெருக்காரர்கள் அந்தி சாய்ந்துவிட்டதென்று விளக்கேற்றினார்கள். மேல்கூட்டைத் தூக்கி, எஞ்சினை இறக்கி, கடைசிப் போல்ட் வரை கழற்றி, வெறும் அடிச்சட்டமான சேஸிஸை மட்டும் செங்கல் மேல் நிறுத்துவது என்று உன் அம்மா முடிவு கட்டினாள். "பழைய சட்டையில ஒட்டுப் போட்டா ஒட்டுதான் தெரியும். பிரிச்சுட்டுத் தைக்கணும்" என்றாள். நான் தலைமை ஆலோசகர் பதவியை ஏற்றுக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, ஆனாலும் ஏற்றுக்கொண்டேன்.

முதல் ஆலோசனை கேபினை மரக்கிளையில் கயிறு போட்டுத் தூக்கலாம் என்பது. தூக்கினோம். இறக்கும்போதுதான் கேபின் என்னைவிடக் கனம் என்பது தெரிந்தது. அது கீழே வர, கயிற்றின் மறுமுனையில் நான் மேலே போனேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாள், "என்ன சார், இந்தப் பக்கம்?" என்று மரியாதையாக விசாரித்தார். "சும்மாதான், பாத்துட்டுப் போகலாம்னு" என்றேன். பிறகு ஆக்சிலைப் பிடித்திருந்த நட்டு ஒன்று. நான் ஸ்பேனரைப் போட்டுத் தொங்கினேன். பூமிதான் கொஞ்சம் திரும்பியது, நட்டு திரும்பவில்லை. அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"மாப்பிள்ளை, அந்த ஸ்பேனரை வெச்சு முதுகு சொறியலாம். நட்டுக் கழட்ட முடியாது."

உன் அப்பா. ஜன்னலில். மாதக்கணக்கில் 'ம்' மட்டும் சொன்ன வாயிலிருந்து முழுசாக ஒரு வாக்கியம், அதுவும் என்னைத் திட்டி. எனக்கு வந்த சந்தோஷத்தில் ஸ்பேனரை மறந்து குதித்தேன். உன் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நட்டைத் தப்பான பக்கமாகத் திருப்பப் பார்த்துக்கொண்டே, "இப்படியாங்க?" என்றாள். "ஐயோ, எதிர்ப்பக்கம். முதல்ல எண்ணெய் விட்டு ஊற விடு, அப்புறம் சுத்தியலால மெதுவாத் தட்டு. என்ன ஜென்மங்களோ" என்றார். நாற்பது வருஷமாகத் தையல் மெஷினைப் பிரித்துப் பூட்டுகிறவளுக்கு நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாதாம். நான் வாயைத் திறக்கப் போனேன். என் காலை மிதித்தாள்.

அன்றிலிருந்து அவர் நாற்காலி நகர ஆரம்பித்தது. நகர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் ஜன்னலோரம், ஒருநாள் சமையலறை வாசல், அப்புறம் பின்கட்டுப் படி. வாயும் கூடவே நகர்ந்தது. என்னைத் திட்டுவதற்கென்றே புதுச் சொற்கள் கண்டுபிடித்தார், அவற்றையெல்லாம் சேர்த்தால் ஓர் அகராதி போடலாம்.

அடுத்த சதி கால்சட்டைச் சதி. "உங்களுக்குப் புதுசா ரெண்டு பேன்ட் தைக்கணும்" என்று டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உன் அம்மா அளவெடுத்தாள். நின்றபடி எடுத்தாள், சரி. உட்காரவைத்து முழங்காலிலிருந்து தரைக்கு எடுத்தாள். இடது கால் எவ்வளவு நீளும், எவ்வளவு மடங்கும், கையை நீட்டினால் எங்கே எட்டும், எல்லாம் எடுத்தாள்.

"பேன்ட்டுக்கு எதுக்குடி கை அளவு?"

"இப்ப ஃபேஷன் அப்படிங்க."

அந்த அளவில்தான் சீட் பின்னால் போனது, ஏறும் படி கீழே வந்தது, இடது கால் நீட்டி வைக்க இடம் வந்தது. கிளட்சுக்கோ, அவள் கிளட்சையே ஒழித்துவிட்டாள். பழைய இரும்புக் கடையில், முகம் நசுங்கி உடம்பு கெடாமல் கிடந்த ஒரு வேனின் கியர்பெட்டியை வாங்கி வந்தாள். கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஜாதி. இடது காலுக்கு வேலையே இல்லை. சேஸிஸில் அதற்குப் புதுத் தாங்கி வைத்து, பெரியவரின் பழைய எஞ்சினோடு அதைச் சேர்த்துவைத்தது எங்கள் வெல்டர். ஒல்லி ஆள், பட்டப்பெயர் தீப்பொறி. இரண்டும் சேர்வதற்குள் பிடித்த பிடிவாதத்தைப் பார்த்தால் கல்யாண வீட்டுச் சம்பந்திகள் தேவலை.

இங்கேதான் ஒரு பெரிய தப்பு நடந்தது, அதை உன் அம்மாவைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க முடியாது. புதுக் கியர்பெட்டி பழையதைவிடப் பருமன் என்பதால் கேபினின் அடித்தளத் தகட்டைப் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. உன் அம்மா பழைய போர்வையை விரித்து, மேடு பள்ளமெல்லாம் அழுத்தி, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரித்து, "இந்த அளவுக்கு வெட்டு" என்று தீப்பொறியிடம் கொடுத்தாள். வெட்டினான். வைத்தால், சுற்றிலும் ஒரு விரல் அளவு தகடு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. தீப்பொறி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் போர்வையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அக்கா, தையலுக்கு இடம் விட்டீங்களா?"

உன் அம்மா வாயில் ஊசி இருப்பதுபோல் உதட்டை மூடிக்கொண்டாள். கை பழகிய பழக்கம், அவளுக்கே தெரியாமல் விட்டிருக்கிறாள்.

"இரும்பை யாருக்கா தைக்கப்போறா?" என்றான் தீப்பொறி.

அத்தான் படியில் உட்கார்ந்து சிரித்தார் பார், அதில் சமையலறையில் தட்டு உருண்டது, மரத்திலிருந்து காய் உதிர்ந்தது, எங்கோ குழந்தை ஒன்று அழுதது. சிரித்து முடித்துவிட்டு எழுந்தார். கம்பை ஊன்றி, அந்தப் படியிலிருந்து முதல்முறையாகக் கீழே இறங்கி வந்து தகட்டைத் தடவிப் பார்த்தார். "வெட்டாதே. அந்த விரல் அளவை அப்படியே மடிச்சு அடி. ஓரம் மடிச்ச தகடு அசையாது, தண்ணியும் ஏறாது" என்றார். மடித்தார்கள். இப்போது அந்தத் தளத்தின் மேல் ஓர் அணைக்கட்டையே கட்டலாம். உன் அம்மா மட்டும், "நான் அதுக்குத்தான் விட்டேன்" என்று இன்றுவரை சாதிக்கிறாள்.

அதற்கப்புறம் நிற்க நேரமில்லை. பெயின்ட் கடைக்கு நூல்கண்டோடு போய், "இந்த நிறம்தான் வேணும், இதுக்குக் கொஞ்சம்கூட மாறக்கூடாது" என்று கடைக்காரரை வாட்டி எடுத்து மயில்கழுத்து நிறம் வாங்கிவந்தாள். சீட்டை அவளே தைத்தாள், இரட்டைத் தையல் போட்டு. பரிசோதனை அதிகாரி வந்தார், வண்டிக்கு அடியில் படுத்தார், அந்த வேலைப்பாட்டில் மயங்கி வெளியே வர மனமில்லாமல் அங்கேயே கிடந்தார், பிறகு கண்ணீர் மல்க முத்திரை குத்தினார்.

எல்லாம் ஆயிற்று. ஆனால் அத்தான் ஏறி உட்காரவில்லை. சுற்றி வருவார், தட்டுவார், முகர்ந்துகூடப் பார்ப்பார், கதவைத் திறக்கமாட்டார். "விக்கப்போற வண்டிதானே" என்பார். இவ்வளவு பாடுபட்டும் மனுஷன் நாற்காலிக்கே திரும்பிவிடுவாரோ என்று எனக்குக் கவலை. உன் அம்மா அசரவில்லை. வாங்குவதற்கு ஆள் வரச் சொன்னாள். வந்தவர் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், நல்ல ஆகிருதி. வண்டியைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். "கோழி ஏத்த அம்சமா இருக்கும்" என்றார்.

அத்தான் முகம் மாறியதை நான் பார்த்தேன். மெல்ல வந்தவர் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப்போனார்.

"ஐயா, உங்க கிட்ட மறைக்கக் கூடாது. இது கொஞ்சம் ராங்கி பிடிச்ச வண்டி. இடது பக்கம் திருப்பினா வலது பக்கம் யோசிக்கும். பிரேக் போட்டா உடனே நிக்காது, அதுக்கு இஷ்டமான இடம் வந்ததும் நிக்கும். மேட்டுல ஏறும்போது ஒரு சத்தம் போடும் பாருங்க, அதைக் கேட்ட கோழி மறுபடி முட்டை போடாது."

"அப்படியா சார்?"

"சேவல்கூடக் கூவாது."

வந்தவர் உன் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். உன் அம்மா, "நல்ல ஆளைத் துரத்திட்டீங்களே" என்று அங்கலாய்த்தாள். சமையலறைக்குள் போனதும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பை நான்தான் பார்த்தேன். திரும்பிப் பார்த்தால், அத்தான் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவேன். சாவியைத் திருப்பியதும் பெரியவர் கர்ஜித்த கர்ஜனையில், ஓய்வுபெற்று வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் எழுந்து குளித்து ஆபீசுக்குப் போய்விட்டார். நெடுஞ்சாலையில் உன் அப்பா மின்னலாகப் போனார். பஸ்கள் ஒதுங்கின, லாரிகள் வணங்கின, இருபுறமும் ஜனங்கள் நின்று கைதட்டினார்கள். வண்டி மலையேறி இறங்கி, ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் திரும்பி வந்து, வந்த சுவடே தெரியாமல் நின்றது. இப்படிப்பட்ட வண்டியை எழுப்பியவள் உன் அம்மா. இப்படிப்பட்ட மனிதரை எழுப்பியவளும் அவளே. எனக்கு அக்கா என்று சொல்லிக்கொள்ள முடிகிறதே, அதற்கே தனியாக ஒரு பதக்கம் செய்து போட்டுக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன்.

உங்கள் வீட்டில் எப்போதும் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்க வேண்டும், உன் வீட்டுக்காரர் என்றும் நம்பிக்கை குறையாதவராக வாழ வேண்டும், பூனை ஒருமுறையாவது இறங்கி நடக்க வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
பெரியவரின் தலைமை ஆலோசகரும் உன் மாமாவும் ஆனவன்.

பின்குறிப்பு: வழக்கமாக என் கடிதத்தை உன் அம்மா படித்து அடித்துத் திருத்திய பிறகுதான் தபாலில் போடுவேன். இன்று அவள் வீட்டில் இல்லை. அதனால் நானே திருத்திவிடுகிறேன். அணில் ஒன்றுதான், அதுவும் எங்களைப் பார்த்ததும் போய்விட்டது. கேபின் இறங்கும்போது நான் மாடிக்குப் போகவில்லை, பழைய பெயின்ட் டப்பா மேல் விழுந்து உட்கார்ந்தேன். அதிகாரி வண்டிக்கு அடியிலேயே கிடந்தது சட்டை மாட்டிக்கொண்டதால். கோழிப்பண்ணைக்காரர் உன் அம்மாவிடம் துணி தைக்கக் கொடுக்கிறவர், சொல்லி வைத்துத்தான் வந்தார். அவரிடம் ஒரு கோழிகூடக் கிடையாது. நெடுஞ்சாலை, மலை, கைதட்டல் எதுவும் நடக்கவில்லை. வண்டி வாசலிலிருந்து தெருமுனை வரை நடக்கிற வேகத்தில் போய் அங்கே அணைந்துவிட்டது.

ஆனால் ஒரு சின்ன விஷயம் நிஜம். வண்டி அணைந்ததும் உன் அம்மா ஓடிப்போய், "போதுங்க, இறங்குங்க, தள்ளிட்டு வந்துடலாம்" என்றாள். உன் அப்பா இறங்கவில்லை. மறுபடி சாவியைத் திருப்பினார், எஞ்சின் பிடித்தது. எட்டி அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, "நீ ஏறு" என்றார். அது மதியம். இப்போது தெருவிளக்கு எரிகிறது, இன்னும் வரவில்லை. இரண்டு பேர் போனும் என் எதிரில் மேசை மேல் மாறி மாறி அடிக்கிறது, இரண்டிலும் நீதான். எடுத்தால் சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் எடுக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். திருப்பத்தில் வண்டி மறையும்போது உன் அப்பாவின் கை ஜன்னலுக்கு வெளியே நீண்டு ஆடியது. எனக்குத்தான் டாட்டா காட்டுகிறார் என்று நெகிழ்ந்துபோய் நானும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். பின்னால் மணியடித்துக்கொண்டு வந்த சைக்கிளுக்கு, முந்திப் போ என்று வழி விட்டிருக்கிறார்.