செக்சம் அக்காவும் பாதித் தும்பிக்கையும்

இந்த உலகத்தில் செக்சம் அக்கா சரிபார்க்காமல் நம்பிய ஒரே பொருள் கடல்தான். அதுவும் எனக்குச் சந்தேகம்தான்.

செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். பால் பாக்கெட் வாங்கினால்கூட அதிலுள்ள தேதியைக் கடைக்காரர் ஒருமுறை, தெருவில் போகிறவர் ஒருமுறை படித்துக் காட்ட வேண்டும்.

நான் வேலை பார்ப்பது மாமல்லபுரத்தில், ஒரு சிற்பக் கூடத்தில். அங்கே கல் செதுக்கும் மிஷினை ஓட்டுவது ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தயாரித்தவர்களே மறந்துவிட்டார்கள். ஒருநாள் பிள்ளையாருக்குத் தும்பிக்கை பாதி வந்ததும் மிஷின் நின்றுவிட்டது. பழைய அப்டேட் ஒன்று போட்டால்தான் ஓடுவேன் என்றது. வெள்ளிக்கிழமை கும்பாபிஷேகம். முதலாளி எங்கிருந்தோ அப்டேட்டை இறக்கி, பென்டிரைவும் கையுமாகத் துடித்தார். நான் அக்காவை வரவழைத்தேன்.

"இன்னா சார், எங்கேர்ந்து எடுத்தே?"

"பச்சையா ஒரு பட்டன் இருந்துச்சும்மா. அமுக்கினேன்."

"பச்சையா இருந்தா அமுக்கிடுவியா? பாம்புகூடதான் பச்சையா கீது!"

ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கைரேகை மாதிரி ஒரு செக்சம் உண்டு. அறுபத்து நாலு எழுத்தும் எண்ணும். ஒன்று மாறினாலும் அது அசல் இல்லை. லேப்டாப்பே ஒப்பிட்டுச் சொல்லிவிடும். அக்காவுக்கு அது போதாது. தயாரித்தவர்களின் தளத்தில் இருப்பதை அவள் புருஷன் போனில் படித்துச் சொல்ல வேண்டும். அவரோ தாம்பரம் போகும் மின்சார ரயிலில், கண்ணாடி இல்லாமல்.

"ஏழு... பி... இல்ல, எட்டு..."

"யோவ், பியா, எட்டா?"

"தெர்லமே! பக்கத்துல சாரைக் கேக்கறேன்."

ஸ்பீக்கரில் ரயில் பெட்டியே படிக்க ஆரம்பித்தது. பாதிப் பேர் பி, பாதிப் பேர் எட்டு. சுண்டல் விற்பவர், "மொதல்லேர்ந்து படிங்கப்பா" என்று அதட்டினார். கூடுவாஞ்சேரியில் இறங்க வேண்டியவர்கள் இறங்கவில்லை.

அறுபத்து நாலையும் படித்து முடித்துப் பார்த்தால், முதலாளியின் ஃபைல் முதல் எழுத்திலேயே பொருந்தவில்லை. அக்கா அதைத் தான் கொண்டுவந்த ஓட்டைக் கம்ப்யூட்டர் ஒன்றில் போட்டுக் காட்டினாள். வைரஸ்! உள்ளே இருந்த ஃபைல்கள் எல்லாமே பூட்டிக்கொண்டன. முதலாளி பிள்ளையார் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே இறக்கினாள். ரயில் மறுபடி படித்தது. கடைசி எழுத்தும் பொருந்தியபோது அங்கே கைத்தட்டல், இங்கே மிஷின் சத்தம். வெள்ளிக்கிழமை பிள்ளையார் முழுத் தும்பிக்கையோடு கோயிலுக்குப் போனார்.

போன மாதம் அக்காவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினேன். உடனே போன்.

"நீதான் அனுப்ச்சியா?"

"நான்தான்க்கா."

"வேற யாரும் உன் போனை எடுக்கலியே?"

"இல்லக்கா. நானே டைப் பண்ணேன்."

"சரி" என்றாள். "அத்த ஒரு தபா நீயே படிச்சிக் காட்டு."