ஜெராய் மலையைப் பார்த்தபடி ஒரு வைஃபை

பாடாங் செராய் வட்டாரத்தில் அண்டெனா அண்ணே கை வைக்காத வைஃபை கிடையாது. அவர் கை வைத்த பிறகு ஒழுங்காக வேலை செய்த வைஃபையும் கிடையாது. இரண்டும் நன்றாகத் தெரிந்திருந்தும், லைன் போனால் நாங்கள் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுகிறோம். எங்கள் ஊர்க்காரர்களின் அறிவுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியதில்லை.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருப்பதாகக் கேள்வி. வேறெங்கும் இல்லை. என் அப்பா அவரை அண்டெனா அண்ணே என்றுதான் கூப்பிட்டார். நானும் அப்படித்தான். என் மகனும் அப்படித்தான். அறுபத்தெட்டு வயதாகியும் அவருக்கு மாமா, தாத்தா என்று பதவி உயர்வே கிடைக்கவில்லை.

ரப்பர் தோட்டத்து வீடுகளின் கூரையில் மீன் முள்ளைப் போல அலுமினிய அண்டெனா நின்ற காலத்தில் அவர்தான் ராஜா. டிவியில் வாரத்துக்கு ஒரு தமிழ்ப் படம் போடுவார்கள். படம் போடுகிற அன்றைக்கு அவர் கூரை கூரையாகத் தாவுவார். அவர் மேலே கம்பியைத் திருப்ப, வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் கத்த வேண்டும்.

“இப்ப தெரியுதா?”

“ரெண்டு கதாநாயகி தெரியுதுண்ணே!”

“படத்துல எத்தன பேரு?”

“ஒருத்திதான்!”

“அப்ப இன்னும் திருப்பணும்லா.”

திருப்பித் திருப்பி, கடைசியில் கம்பியின் மூக்கு ஜெராய் மலையைப் பார்த்தபடி வந்து நிற்கும். ஒளிபரப்புக் கோபுரம் அந்த மலையில்தான் இருந்தது. படமும் தெளிந்துவிடும். அன்று அவர் மண்டைக்குள் ஏறிய ஜெராய் மலை இன்றுவரை இறங்கவில்லை.

காலம் மாறியது. அண்டெனாக்கள் பழைய இரும்புக்குப் போயின. நாங்கள் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கி, மாதச் சந்தா கட்டி, இணையத்துக்கு வந்து சேர்ந்தோம். அண்ணேயும் எங்களோடு வந்துவிட்டார். ரௌட்டரை அவர் பெட்டி என்பார். பெட்டியின் இரண்டு கொம்புகளையும் எந்த வீட்டில் பார்த்தாலும் ஜெராய் மலைப் பக்கம் திருப்பிவிட்டுத்தான் உட்காருவார். இணையம் ரோட்டோரக் கம்பத்திலிருந்து ஒயரில்தான் வருகிறது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

“கம்பத்துக்கு எங்கேருந்து வருதுன்னு நெனைக்கிற?” என்றார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆயுத பூசையன்று ஊரே மோட்டார் சைக்கிளுக்கும் காடிக்கும் சந்தனம் வைத்துக்கொண்டிருக்கும்போது, அவர் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்து எடுத்துக்கொண்டு, தான் மாட்டிய பெட்டிகள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் போவார். “இதுவும் ஆயுதம்தானே தம்பி” என்று ஒவ்வொரு பெட்டிக்கும் பொட்டு வைத்து, குங்குமம் இட்டு, கும்பிட்டுவிட்டு, உட்காராமல் போய்விடுவார். அவர் வைக்கும் பொட்டு சாதாரணப் பொட்டு அல்ல. ஒரு தோசைக்குத் தொட்டுக்கொள்ளப் போதுமான அளவு இருக்கும்.

போன வருடம் ஆயுத பூசைக்கு மறுநாள்தான் என் மனைவி மலருக்கு நேர்காணல். இதைச் சொல்லும்போது என் கிண்டலை ஒரு நிமிடம் கழற்றி வைக்கிறேன். மலர் கூலிம் பக்கத்து தொழிற்சாலையில் பதினாறு வருடம் நின்றுகொண்டே வேலை செய்தவள். ஒருநாள் கூப்பிட்டு, கைகுலுக்கி, ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் எழுதிய மனுக்களுக்குக் கணக்கில்லை. பதில் போட்டது ஒரே ஒரு கம்பெனி. வீட்டிலிருந்தே கணினியில் ஆர்டர் பதிவு செய்கிற வேலை. மதியம் மூன்று மணிக்குத் திரையில் பேச வேண்டும். அவர்கள் அனுப்பும் கணக்குத் தாளை அப்போதே நிரப்பிக் காட்ட வேண்டும். கைப்பேசியில் முடியாது. எங்கள் வீட்டில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைப்பதோ பின்பக்கத்துப் பலா மரத்தடியில் மட்டும்தான்.

முந்தின நாள் பூசைக்காகத் தொடாமல் வைத்திருந்த கணினியைக் காலை பத்து மணிக்குத் திறந்தாள். வைஃபை இல்லை. பலவீனமாகக்கூட இல்லை. பட்டியலில் எங்கள் வீட்டுப் பெயரே இல்லை.

நான் பலா மரத்தடிக்குப் போய் இணைய கம்பெனிக்குப் போன் அடித்தேன். ஓர் இனிமையான பெண் குரல் மலாயில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று இருபது நிமிடம் என்னை அழுத்த வைத்து, மூன்று வேலை நாளில் ஆள் வருவார் என்று வாழ்த்தியது. நல்ல வேகம்தான், பாராட்ட வேண்டும். அடுத்து அண்டெனா அண்ணேக்கு அடித்தேன். பதினைந்தாவது நிமிடம் மோட்டார் சத்தம் கேட்டது. பக்கவாட்டில் ஏணி கட்டியிருந்தது.

“ஏணி எதுக்குண்ணே? பெட்டி கூடத்துலதான் இருக்கு.”

“தம்பி, வியாதி கால்லயா இருக்கும்? மேலதான் இருக்கும்.”

பெட்டியை ஏறெடுத்தும் பார்க்காமல் கூரைக்கு ஏறினார். அங்கே எங்களுக்குச் சொந்தமாக இருந்தது இரண்டு உடைந்த ஓடும் ஒரு பூனையும்தான். அரை மணி நேரம் ஜெராய் மலையைக் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, “மல மேல மேகம் மூடிருக்கு. அதான்” என்று அறிக்கை வெளியிட்டார். மேகம் விலகும்வரை தே ஓ என்கிற கறுப்புத் தேநீர் போட்டுத் தரச் சொன்னார். குடித்தார்.

பிறகு கீழே வைத்தியம் தொடங்கியது. குளிர்பெட்டியை அணைத்தார். மீன் தொட்டியை இடம் மாற்றினார். தொழிற்சாலை கொடுத்த சுவர்க் கடிகாரத்தை “இதுதான் இழுக்குது” என்று கழற்றி வாசலில் வைத்தார். அதை மட்டும் மலர் தடுக்கவில்லை. சமையலறையிலிருந்து பெரிய இட்லிப் பானை மூடி வந்தது. அதைப் பெட்டிக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்க என்னை நியமித்தார். மலர் அறையில் கணினி முன்னால். அவர் நடுவில்.

“மலரு, இப்ப?”

“இல்லண்ணே!”

“தம்பி, மூடிய சாய். இப்ப?”

“இல்லண்ணே!”

“இன்னும் சாய். ஜெராயப் பாத்து!”

நாற்பத்தைந்து வயதில், சொந்த வீட்டில், இட்லிப் பானை மூடியை மலைக்குக் காட்டிக்கொண்டு நின்றேன். பள்ளியில் நான் அறிவியல் பாடத்தில் பரிசு வாங்கியவன் என்பதை யாரிடம் சொல்வது?

“அண்ணே, பேசாம ஒரு ஒயர இழுத்துக் கணினியில குத்திடலாமே?” என்றேன்.

அவருக்கு முகமே கறுத்துவிட்டது. “ஒயர் போட்டா அப்புறம் என்னா வயர்லெஸ்ஸு? எம்பேரு என்னாவறது?” என்றார். போட ஆசைப்பட்டாலும் ஒயர் இல்லை. போன முறை அவர் கொண்டுவந்த நீள ஒயரைப் பின்பக்கம் கொடியாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் மூன்று வருடமாக என் கைலி காய்கிறது.

மணி இரண்டே கால். மலர் அறையிலிருந்து வெளியே வந்தாள். நல்ல நீலச் சேலை. இடுப்புக்கு மேல்தானே திரையில் தெரியும் என்று நான் சொல்லியும் முழுசாகக் கட்டியிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“அண்ணே, எனக்கு இந்த வேல வேணும்ணே” என்றாள். “வேற யாரும் என்னயக் கூப்புடல.”

அண்டெனா அண்ணே சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். அவரிடம் கண்ணாடி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வந்து மூன்றரை மணி நேரம் கழித்து, முதல் முறையாகப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அதன் முகத்தைப் பார்த்தார்.

விளக்குகளை விரலால் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கும் பச்சை. ஐந்தாவது இருக்க வேண்டிய இடத்தில் நேற்றைய சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. நகத்தால் சுரண்டினார். உள்ளே வைஃபை விளக்கு அணைந்து கிடந்தது. அதன் பக்கத்தில் வைஃபையை மூடித் திறக்கும் சின்னப் பொத்தான். கட்டைவிரலால் அழுத்தி வைத்த பொட்டில் பொத்தானும் அமுங்கி, இடுக்கெல்லாம் சந்தனம் இறுகி, மேலே வர வழியில்லாமல் கிடந்தது.

பல்குச்சி கேட்டார். கொடுத்தேன். காதில் அழுக்கெடுப்பது போலப் பக்குவமாகச் சுற்றிலும் சுரண்டி, துணியால் துடைத்து, பொத்தானை ஒரு தட்டுத் தட்டினார். அது மேலே வந்தது. மறுபடி அழுத்தினார். ஐந்தாவது விளக்கு பச்சையாக மின்னியது.

“வந்துருச்சுண்ணே!” என்று அறையிலிருந்து மலரின் குரல்.

அண்ணே மெதுவாக எழுந்து, கண்ணாடியைக் கழற்றி, என்னைக் கண்டிப்போடு பார்த்தார். “பூசை பண்ற ஆளுக்குக் கொஞ்சம் அளவு தெரியணும்லா” என்றார்.

“யாருண்ணே அந்த ஆளு?”

“யாரா இருந்தா என்னா? பொதுவாச் சொல்றேன்.”

அதோடு கிளம்பிப் போயிருக்கலாம். போகவில்லை. மூன்று மணிக்கு மலர் கதவைச் சாத்திக்கொண்டதும், வாசல் கேட்டுக்கு வெளியே வெயிலில் போய் நின்றுகொண்டார். பூம் பூம் என்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்த ரொட்டிக்காரரைத் தெரு முனையிலேயே மறித்து, மோட்டாரைத் தள்ளிக்கொண்டே எங்கள் வீட்டைக் கடக்க வைத்தார். புல் வெட்டும் இயந்திரத்தைத் தூக்கிய எதிர்வீட்டுக்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டார். இரண்டு நாய்களைத் துரத்தினார். உள்ளே வந்து நிழலில் உட்காருங்கள் என்றதற்கு, ஆள் நடமாடினால் லைன் ஆடும் என்றார். முக்கால் மணி நேரம்.

மலர் முகமெல்லாம் சிரிப்போடு வெளியே வந்தாள். வேலை கிடைக்குமா என்று அவர் கேட்கவில்லை. “படம் தெளிவா இருந்திச்சா?” என்றுதான் கேட்டார்.

“ரொம்பத் தெளிவா இருந்திச்சுண்ணே.”

“ஒரு ஆளு ரெண்டாத் தெரியலையே?”

“இல்லண்ணே.”

“அப்ப சரி” என்று ஏணியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வாரத்தில் வேலைக் கடிதம் வந்தது. நல்லதாகச் சமைத்து அவரைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று மலர் ஒற்றைக் காலில் நின்றாள். கூப்பிட்டோம். வரவில்லை. மறுபடி கூப்பிட்டோம். “வேல இல்லாம ஒரு வூட்டுல வந்து உக்காந்து சாப்புட எனக்குக் கூச்சமா இருக்கும் தங்கச்சி” என்றார். தீபாவளிக்கும் அதே பதில். இந்த வருட ஆயுத பூசைக்கு வந்தவர்கூடப் பெட்டியைத் தொடாமல் பக்கத்துச் சுவரில் பொட்டு வைத்துவிட்டு, உட்காராமல் போய்விட்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் நண்டுக் குழம்பு கொதிக்கிறது. அண்ணேக்கு நண்டு என்றால் உயிர். இப்போதுதான் பலா மரத்தடியிலிருந்து மலர் அவருக்கு அடித்து, “அண்ணே, சுத்தமா லைன் இல்லண்ணே” என்று அழாத குறையாகச் சொன்னாள். ஏணியோடு கிளம்பிவிட்டாராம்.

பெட்டியின் பிளக்கைக் கழற்றி வைத்தது நான்தான். கூரை, மலை, மேகம் எல்லாம் முடிந்து அவர் அதைக் கடைசியாகத்தான் பார்ப்பார். அதற்குள் சோறு வெந்துவிடும்.