நான் வக்கா கலைத்த கதை

பங்குனி மாதம் முதலாம் திகதி காலை ஆறரை மணிக்கு, கையில் தண்ணீர் வாளியோடு நின்று நான் ஒரு சபதம் எடுத்தேன். ஒன்றில் இந்த வீட்டு வளவில் என் கார் இருக்க வேண்டும். அல்லது அந்த வாகை மரத்துப் பறவைகள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடமில்லை.

என் கார் வெள்ளை. பறவைகள் போடுவதும் வெள்ளை. "அப்ப ஒண்டும் தெரியாதே மச்சான்" என்று பக்கத்து வீட்டு முனாப் ஆறுதல் சொன்னான். நிறம் தெரியாது, சரி. மணம்? வக்கா என்கிற கொக்கும் நீர்க்காகமும் நாள் முழுக்கத் தின்பது ஆற்று மீன். (வாவி என்று புத்தகத்தில் போடுவார்கள். எங்கள் வீட்டுப் பின்வாசலில் அது ஆறுதான்.) நான் வேலை பார்க்கும் அரசாங்கக் கச்சேரிக்குப் போய்க் காரால் இறங்கினால், பக்கத்து மேசைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு "இண்டைக்கு என்ன மீன்?" என்று விசாரிக்கிறார்.

மரத்தை வெட்டலாமே என்பீர்கள். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு என் மனைவி சீதேவியின் சீதனம். வளவு, கிணறு, தென்னை, வாகை எல்லாமே காணி உறுதிப் பத்திரத்தில் அவள் பெயரில். இருபத்திரண்டு வருடமாக நான் அங்கே தங்கியிருக்கும் விருந்தாளி. இந்த உலகத்தில் உதயரூபன் என்ற என் பெயரில் இருப்பது அந்தப் பழைய கார் ஒன்றுதான். என் ஒரே ராச்சியத்தின் மேல்தான் தினமும் இந்த அபிஷேகம்.

"சீதேவி, அந்த மரத்த வெட்டுவம்."

"எந்த மரத்த?"

"வாகைய."

"உறுதிய எடுத்துப் பாருங்க, ஆருட மரமெண்டு."

"சரி, காருக்கு மேல வாற கொப்ப மட்டும்..."

"அதுலதான் குஞ்சு இரிக்கு. புள்ளப்பெத்த வீட்டுக் கூரையப் பிடுங்குவீங்களா?"

"அப்ப என்ட கார்?"

"அதுக்கு நாலு சில்லு இரிக்குதானே, கொண்டு போய் வேறெங்கயும் விடுங்க. அந்தக் குஞ்சுக்குச் சில்லுமில்ல, சிறகும் இன்னும் முளைக்கல்ல."

நான் வாளியோடு திரும்பக் காரடிக்கே போனேன். சபதத்தை மட்டும் விடவில்லை.

அன்று பின்னேரம் காரை இரண்டாம் தரம் கழுவிக்கொண்டிருந்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் சீதேவி, அந்தப் பக்கம் முனாபின் மனைவி சபீனா. இரண்டு பேரும் இரகசியம் பேசினால் கல்லடிப் பாலத்தில் போகிறவனுக்கும் கேட்கும்.

"சபீனா, பள்ளிக்கூடத்தால சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை புள்ளையளக் கூட்டிப் போய்க் குருவி காட்டப் போறாங்களாம். ஆத்தங்கரையில ஒரு வளவு தேடித் திரியிறாங்க."

"நல்லந்தானே அக்கா."

"என்ன நல்லம்? நாப்பது புள்ளையள்! அந்தச் சத்தத்துக்கு ஒரு வக்கா மரத்துல நிக்குமா? எங்கட வளவுக்கு மட்டும் வந்தாங்களோ, எனக்குக் கெட்ட கோவம் வரும்!"

என் கையில் இருந்த வாளி நழுவிக் காலில் விழுந்தது. வலிக்கவே இல்லை. வெட்ட வேண்டாம், கல்லெறிய வேண்டாம். நாற்பது பிள்ளைகள் போதும். பழியும் என் மேல் வராது, புண்ணியம்தான் வரும்.

அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். பள்ளிக்கூட அதிபர் எழும்பி நின்று கை கொடுத்தார்.

"வாங்க, வாங்க. உங்களத்தான் பாத்துக்கொண்டிருந்தம்."

எவ்வளவு மரியாதையான மனுசன் என்று நினைத்துக்கொண்டேன். "சேர், எங்கட டவுன் புள்ளையள் டியூஷன் வகுப்பையும் போனையும் விட்டா வேறொண்டும் அறியாதுகள். ஆத்துக்குப் பக்கத்துல இருந்துகொண்டு ஆத்தப் பாக்காம வளருதுகள். எங்கட வளவுக்குக் கூட்டி வாங்க. தாய் தகப்பனும் வரட்டும்" என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். சொல்லச் சொல்ல எனக்கே கண் கலங்கிவிட்டது.

அதிபர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். என் பெயர், முகவரி, மரத்தின் வகை எல்லாம் அதில் நிரப்பியே இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இந்த நாட்டில் ஒரு காரியம் இவ்வளவு வேகமாக நடக்கிறதே என்று வியந்தபடி கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் சீதேவி தலையில் கை வைத்தாள்.

"ஐயோ! என்ன வேல செஞ்சிட்டு வந்திருக்கீங்க!"

சொல்லிவிட்டுக் குசினிக்குள் அடுப்படிக்கு ஓடினாள். யன்னலால் பார்த்தேன். முந்தானையை வாயில் அமத்திக்கொண்டு நின்றாள், தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள். எனக்கே கொஞ்சம் கவலையாகப் போய்விட்டது.

சனிக்கிழமை வந்தது. நான் ஆயத்தமாக இருந்தேன். முனாபின் கடையில் நாற்பது விசில் வாங்கி வைத்திருந்தேன்.

"என்ன மச்சான், இவ்வளவு விசில்? தேர்தல்ல நிக்கப் போறியா?"

"புள்ளையளுக்கு மச்சான். சும்மா, ஒரு அன்பு."

ஏழு மணிக்கு வாசல் படலை திறந்தது. திறந்த சத்தமே கேட்கவில்லை. நாற்பது பிள்ளைகள், பின்னால் தாய்மார், தகப்பன்மார். எல்லாரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வருகிறார்கள்! முன்னால் வந்த தனுஷியா ரீச்சர் ஒரு விரலைத் தூக்கினார், எல்லாரும் நிலத்தில் இருந்தார்கள். இன்னொரு விரலைத் தூக்கினார், எல்லாரும் மேலே பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் நான் சொல்லி ஒரு பூனைகூட அந்த வளவில் இருந்ததில்லை.

விசில்களைப் பங்கிட்டேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் உதட்டால் மட்டும் "தேங்ஸ் அங்கிள்" சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

"ஊதிப் பாருங்களன்" என்றேன். நானும் ஏனோ இரகசியமாகத்தான் சொன்னேன்.

ஒருவரும் ஊதவில்லை. கடைசி ஆயுதமாகக் காருக்குள் ஏறி, எதையோ தேடுகிறவன் மாதிரி முழங்கையை ஹோர்னில் வைத்தேன். பாம்ம்ம்!

"ஷ்ஷ்ஷ்!" என்று நாற்பது பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் திரும்பினார்கள். மரத்தில் ஒரு இறகும் அசையவில்லை. வருடக்கணக்காக என் ஹோர்னைக் கேட்டுப் பழகின பறவைகள் அவை. மன்னிப்புக் கேட்க வெளியே தலையை நீட்டினேன். பளிச் என்று உச்சியில் விழுந்தது.

கம்சாயினி என்ற ஒரு சின்னப் பிள்ளை தன் கொப்பியில் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். "வக்கா 14. நீர்க்காகம் 9. குஞ்சு 5. அங்கிள் 1. சத்தம் போடும். கிட்டப் போகலாம். கடிக்காது."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குள் தாய் வக்கா வந்து கூட்டில் இறங்கியது. அந்தக் கூட்டிலிருந்த மூன்று குஞ்சுகளும் மொட்டைத் தலையைத் தூக்கிக் கத்த, ஒன்றின் வாய்க்குள் முழு மீன் போனது. கம்சாயினி என் கையைப் பிடித்து அமத்தினாள்.

"அங்கிள், நான் வேனுக்குள்ள இருந்து பாலத்தால போகக்குள்ள பாக்கிற அந்த ஆத்து மீனா இது?"

"ஓம் மகள். அந்த ஆறுதான்."

"அது எங்கட ஆறா?"

"எங்கட ஆறுதான்" என்றேன். தலையில் எச்சத்தோடு ஒரு மனுசன் அவ்வளவு சந்தோஷமாக நின்றதை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள்.

மூன்றாவது சனிக்கிழமை தனுஷியா ரீச்சர் என் கார் நிற்கும் கூரையில்லாத கொட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அதற்குள் மறைந்திருந்தால் கூடு நேரே தெரியுமாம். காரை முனாபின் வளவில் கொண்டுபோய் விட்டேன். அங்கே மரமும் இல்லை, எச்சமும் இல்லை. என் ராச்சியம் நாடு கடந்து போய்ச் சுத்தமாக இருக்கிறது.

குஞ்சுகள் பறந்து பழகின சனிக்கிழமை அதிபரும் வந்தார். பெற்றோர் எல்லார் முன்னிலையிலும் எனக்கு ஒரு மாலை போட்டார்கள். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

"எல்லாம் என்ட மண்டையில உதிச்ச ஒரு சின்ன யோசனதான் சேர்."

அதிபர் என் காதோடு குனிந்தார். "உங்கட மிஸிஸ் மாசி மாசமே வந்து கேட்டாவே. புருசனும் வந்து கையெழுத்து வைக்கவேணும் எண்டு சொன்னன். 'இப்ப கேட்டா மாட்டனெண்டுவார் சேர். நீங்க படிவத்த லாச்சியில வையுங்க, குஞ்சு பொரிச்சுக் கார் நாறினாப் பங்குனியில தானா ஓடி வருவார்' எண்டு நிரப்பித் தந்திட்டுப் போனா."

படிவத்தை நிரப்பியிருந்த எழுத்து ஏன் எங்கள் வீட்டுக் கடைச்சாமான் துண்டில் இருக்கும் எழுத்து மாதிரி இருந்தது என்று அப்போதுதான் பிடிபட்டது. குசினியில் குலுங்கிய தோளும் ஞாபகம் வந்தது. சீதேவி பிள்ளைகளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பவே இல்லை. இனிமேல் அந்த வேலியடிப் பேச்சுக்கு ஏமாறுவதில்லை என்று மாலையும் கழுத்துமாக நின்று இரண்டாவது சபதம் எடுத்தேன்.

அன்று பின்னேரம் வேலியடியில் சீதேவியின் குரல் கேட்டது.

"சபீனா, இவர் மட்டும் அந்தப் புள்ளையள் குந்தி இருக்கக் கொட்டிலுக்குள்ள பலகை வாங்கு அடிச்சி வச்சாரோ, எனக்குக் கெட்ட கோவம் வரும்!"

நாலாவது வாங்குக்கு ஆணி அடிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது.