வருத்தம், தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

மாப்பிள்ளையின் வணக்கம். இங்கு அனைவரும் நலம் என்று எழுதித் தொடங்குவதுதான் முறை. ஆனால் இந்த வீட்டில் அனைவரும் நலமா என்பதுதான் இந்த வாரம் முழுக்கக் குடும்பத்தில் நடக்கும் விவாதம். ஆகவே அந்த வரியைக் கடிதத்தின் முடிவுக்குத் தள்ளி வைக்கிறேன். நிரூபித்துவிட்டு எழுதுகிறேன்.

போனிலேயே சொல்லியிருப்பேன். "நீங்க ஒண்ணும் பேச வேணாம் மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வரேன், பாப்பா ரெண்டு மாசம் எங்ககூட இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். தங்கள் பாப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவள் அப்போது அடுக்களையில் குக்கர் மூடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். யார் போனில் என்று கேட்டாள். உங்க அண்ணன் என்றேன். என்னவாம் என்றாள். சும்மாதான் என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக அவளிடம் ஒரு பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

இதைத் தொடங்கி வைத்தவன் தங்கள் மகன். விடுதியில் தங்கிப் படிப்பவன் சனிக்கிழமை காலை வந்து நின்றான். கையில் மூன்று அனுமதிச் சீட்டுகள். "மாமா, எந்நேரமும் தராசையே பாத்துட்டு இருக்கீங்க, ஒரு நாள் கலையையும் பாருங்க." நான் எடை அளவை ஆய்வாளர். கடைகடையாகப் போய்த் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை வைப்பது என் வேலை. அதைக் கேலி செய்பவன் சாப்பிடும் அரிசியும் நான் முத்திரை வைத்த தராசில் நிறுத்ததுதான். இருந்தாலும் போனேன். தங்கள் மகன் என்பதற்காகப் போனேன்.

கலைக்கூடம் நான்கு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. புதுப் பெயின்ட் வாசனை. முதல் அறையில் உடைந்த கீபோர்டுகளைக் குவித்து வைத்து, பக்கத்தில் ஒரு மின்விசிறியைச் சுழலவிட்டிருந்தார்கள். எங்கள் அலுவலகக் கிடங்கிலும் இதே குவியல் உண்டு, விசிறிதான் இல்லை. இரண்டாவது அறையில் பழைய செல்போன்கள் தரை முழுக்கக் கிடந்து மாறி மாறி ஒளிர்ந்தன. யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது அறையில் மரநாற்காலிகள் மெல்லிய கம்பிகளில் கூரையிலிருந்து தொங்கின. கீழே ஆள் நடந்தால் எல்லாம் லேசாக அசையும். தங்கள் தங்கை அங்கே நின்றுவிட்டாள். "நாற்காலிதான், வா" என்றேன். வந்தாள். நான் யாரையும் கடிந்து பேசவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது அறை இருட்டு. கறுப்புத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் தரையில் இரண்டு பாதங்கள் வரைந்திருக்கிறார்கள். அதன்மேல் நிற்க வேண்டும். எதிர்ச் சுவர் முழுக்க நம் முகம். முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம். அதன் கீழே, நாம் என்ன மனநிலையில் இருக்கிறோம் என்று கம்ப்யூட்டர் எழுதுகிறது. பக்கத்தில் ஓர் அட்டை: 'இப்படைப்பு பார்வையாளரைப் பார்வையிடுகிறது.' தங்கள் மகன் நின்றான். மகிழ்ச்சி, தொண்ணூற்றாறு சதவீதம். பரீட்சையில் அவன் பார்க்காத எண். அடுத்து நான். கோபம், எண்பத்தெட்டு. எனக்குக் கோபமே இல்லை மச்சான். என் புருவம் அப்படி. பள்ளிக்கூடக் குழுப்படத்திலும் அப்படித்தான் இருக்கிறேன். அந்தச் சொல்லைப் படித்த பிறகுதான் கோபம் வந்தது. உடனே எண் தொண்ணூற்றைந்துக்கு ஏறியது. அதாவது கருவியே பிழையை உண்டாக்கி, அந்தப் பிழையை அதுவே அளந்தும் காட்டுகிறது. கடையில் இப்படியொரு தராசு இருந்தால் அன்றே பறிமுதல்.

பிறகு தங்கள் தங்கை நின்றாள்.

வருத்தம். தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு.

எங்கள் இருவருக்கும் முழு எண், அவளுக்கு மட்டும் புள்ளி. வெங்காயம் நிறுக்கும் தராசில் புள்ளி போடவே ஒரு காரணம் வேண்டும். வருத்தத்தில் புள்ளி நான்கை எந்த எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. ஒரு காவலாளி இருந்தார். "சார், கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க" என்றார். நான் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் தங்கள் மகன் படம் எடுத்துவிட்டான். படிக்கட்டு இறங்குவதற்குள் அது குடும்பக் குழுவில் போய்விட்டது.

அதன் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது. என் கூடப் பிறந்த அக்காவே போன் செய்தாள். "டேய், அவள என்னடா பண்ண?" ஒன்றும் பண்ணவில்லை என்றேன். "அதான். ஒண்ணுமே பண்ணியிருக்க மாட்ட." ஊர் பேர் தெரியாத ஒரு சித்தப்பா எனக்குக் குடி உண்டா என்று தங்கள் தங்கையிடமே விசாரித்திருக்கிறார். அலுவலகத்தில் டீ கொண்டுவந்து வைத்தவர் என் தோளைத் தொட்டு, "எல்லாம் சரியாயிடும் சார்" என்றார். கடைசியாகத் தாங்கள். இருபத்தெட்டு வருடம் நான் கட்டிக் காத்த பெயரைத் அந்த இருட்டு அறையில் ஒளிந்திருந்த ஒரு கேமரா கெடுத்துவிட்டது.

அவளையே கேட்டேன். நேத்து ஏன் அப்படி இருந்த என்று. "கால் வலிச்சுது" என்றாள். உடனே நம்பினேன். கால் வலி செருப்பின் குறை, புருஷனின் குறை அல்ல. அன்று மாலையே மெத்தென்று ஒரு செருப்பு வாங்கிக் கொடுத்தேன். திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்து, அந்தச் செருப்போடு மறுபடி அழைத்துப் போனேன். எல்லா அறைகளையும் வேகமாகக் கடந்து நேராக நான்காவது அறை. நின்றாள். வருத்தம், தொண்ணூற்று மூன்று. "செருப்பு நல்லாத்தான் இருக்கு" என்று அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். கருவி கேட்கவில்லை. சரி, சிரிக்க வைப்போம் என்று, எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கும் அந்தப் புளி வியாபாரி கதையைச் சொன்னேன். தங்களுக்குத் தெரியும், கல்யாணமான புதிதில் தங்கள் வீட்டில் வைத்தும் சொல்லியிருக்கிறேன். சிரித்தாள். பல் தெரிந்தது. நானே பார்த்தேன். திரை 'பொறுமை' என்று எழுதியது. அப்படியொரு சொல் அதற்குத் தெரியும் என்றே அங்கு யாருக்கும் தெரியாது. காவலாளி ஓடிவந்து பார்த்தார். "இது இதுவரைக்கும் வந்ததே இல்ல சார்."

ஆகவே என் தொழிலில் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். சந்தேகத்துக்குரிய தராசில் நிச்சயமாக எடை தெரிந்த கல்லை வைத்துப் பார்ப்போம். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் நிச்சயமாக மகிழ்ச்சியில் இருப்பவர், போன வாரம் பதவி உயர்வு பெற்ற என் சக ஆய்வாளர். புதன்கிழமை அவரை அழைத்துக்கொண்டு போய்ப் பாதங்களின் மேல் நிறுத்தினேன். பயம், தொண்ணூற்றேழு. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். கருவி பழுது. ஐயத்துக்கு இடமே இல்லை. அவர்தான் ஏனோ சிரிக்கவில்லை. கீழே டீ குடிக்கும்போது, "எனக்குத் தூக்கமே வரல சார், அந்த சீட்ல உக்காந்தா எல்லாத்துக்கும் நான்தானே பதில் சொல்லணும்" என்றார். அது வேறு விஷயம். பதவி உயர்வு பெற்றவர் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. விதிப்படி கருவி தோற்றது. என் அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

அந்த அறிக்கையோடு, இந்தக் கருவியைச் செய்த பெண்ணைப் பார்த்தேன். பாதித் தலை மழித்த சின்னப் பெண். மரியாதையாகத்தான் பேசினாள். தங்கள் மகனும் அப்போது பக்கத்தில் நின்றான். அவனுக்குக் கல்லூரி என்று ஒன்று இருக்கிறதா என்பதையும் தாங்கள் விசாரிக்க வேண்டும்.

"சார், இது அளக்கற மெஷின் இல்ல. நம்மள யாராவது பாத்தா நாம என்ன ஆறோம்னு கேக்குது. கேள்விதான் சார் இது."

"கேள்வின்னா கேள்விக்குறி எங்கம்மா?"

அவள் மடிக்கணினியைத் திறந்து எதையோ தட்டினாள். சுவரில் என் முகத்துக்குக் கீழே 'கோபம்?' என்று வந்தது. நன்றி சொல்லி, கண்காட்சிக் கையேட்டில் என் பெயரைப் போடட்டுமா என்றாள். தங்கள் மகன் அதையும் படம் எடுத்துக் குழுவில் போட்டான். என் அக்கா உடனே பதில் எழுதினாள்: மெஷினுக்குத்தான் சந்தேகம், எனக்கில்லை.

மச்சான், ஒன்று சொல்ல வேண்டும். தராசைச் சோதிக்கும்போது முதலில் தட்டில் ஒன்றும் வைக்காமல் பார்ப்போம். வெறும் தட்டுக்குப் பூஜ்யம் காட்டுகிறதா என்று. அது தெரியாமல் மேலே எதை வைத்தும் பயனில்லை. புதன் இரவிலிருந்து தங்கள் தங்கை முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் நடக்காதபோது அது எப்படி இருக்கும் என்று பார்க்கிறேன். அரிசி களையும்போது. துணி மடிக்கும்போது. சன்னலை மூடும்போது.

எனக்குத் தெரியவில்லை.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப பேப்பர் படிங்க."

படித்தேன். பேப்பருக்கு மேலாகவும் பார்த்தேன். இடது புருவத்தின் ஓரத்தில் ஒரு சின்ன மச்சம் இருக்கிறது. எப்போது வந்தது என்று கேட்டேன். பிறந்தபோது என்றாள்.

இது பலவீனம் அல்ல, ஆய்வு. நேரடிச் சாட்சியமும் என்னிடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாகப் போனவள், சாயங்காலம் திரும்பி வந்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சமைத்தாள். குழம்பில் உப்பு இல்லை, அதுகூட அவளுக்குத் தெரியவில்லை. என்னோடு வருத்தத்தில் வாழும் பெண் பாடுவாளா. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்.

ஆகவே என் முடிவு: கருவி பழுதானது. கண்காட்சியும் வரும் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அன்று தாங்கள் வண்டி எடுத்து வர வேண்டாம். அவளை ஏற்றிக்கொண்டு போனால் அந்தச் சுவர் சொன்னது சரி என்று நாமே முத்திரை வைத்ததாகிவிடும். அது மட்டுமல்ல. இரண்டு மாதம் என்பது நீண்ட காலம். எனக்குச் சமைக்கத் தெரியும், அது பிரச்சினை இல்லை. வீட்டில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

தங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கங்கள். தங்கள் மகனுக்கு என் ஆசிகள், அவனுடைய போனுக்கு இல்லை. ஒத்திவைத்த வரியை இப்போது எழுதுகிறேன்: இங்கு அனைவரும் நலம்.

தங்கள் அன்புள்ள,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, இது நான். உறையை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன் படித்தேன். கால் வலி பொய். மெஷின் சரி. அந்த நாற்காலிகளுக்குக் கீழே இன்னும் கொஞ்ச நேரம் நிற்க நினைத்தேன், "நாற்காலிதான், வா" என்றார், வந்தேன். அவ்வளவுதான் அந்த வருத்தம். புள்ளி நான்கு மட்டும் புளி வியாபாரி கதை வரப்போகிறது என்ற பயமாக இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை நான் கண் டாக்டரிடம் போகவில்லை. தனியாகக் கலைக்கூடத்துக்குப் போய், நாற்காலிகளுக்குக் கீழே மேலே பார்த்தபடி கழுத்து வலிக்கும் வரை நின்றேன். பிறகு அந்த இருட்டு அறைக்கும் போனேன். மகிழ்ச்சி என்று எழுதியது. எத்தனை சதவீதம் என்று எழுத மாட்டேன், இவர் தாங்க மாட்டார். சொன்னால் மறுபடி என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்று சோதிப்பார், அது பழையபடி இறங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நீ கட்டாயம் வண்டி எடுத்துக்கொண்டு வா. எனக்காக இல்லை. இவரை ஏற்றிக்கொண்டு போ. அன்றுதான் கண்காட்சியின் கடைசி நாள், எனக்கு அங்கே முழுப் பகலும் வேண்டும். உங்கள் தெருக் கடைகளில் தராசு காட்டிக்கொண்டிரு, நேரம் போவது தெரியாது அவருக்கு. இரண்டு மாதமெல்லாம் வைத்துக்கொள்ளாதே. இருட்டுவதற்குள் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடு. இப்போதுதான் பார்க்கப் பழகியிருக்கிறார்.