பரம்பரை இருமல் சான்றிதழ்

உலகில் நிலம் உள்ள குடும்பங்கள் உண்டு, நகை உள்ள குடும்பங்கள் உண்டு. சொந்தமாக ஓர் இருமல் உள்ள குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். அந்தப் பெருமையைப் பதிவு செய்ய நாங்கள் ஒன்றுகூடிய நாளில் எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: அனல்மின் நிலையத்தின் சாம்பல் பிரிவுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற நான், அந்த நிலையத்தின் இப்போதைய மேலாளரான என் தம்பி, கொதிகலனில் வேலை பார்க்கும் என் மகன், வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள், அவள் மடியில் இன்ஹேலரோடு நான்கு வயதுப் பேத்தி சிட்டு, நிலையத்து டாக்டர், சுவரில் படமாக என் மனைவி.

நிலையத்துக்கு நான்காவது புகைபோக்கி வேண்டும். அனுமதி தரும் குழு, குடியிருப்பில் குழந்தைகள் ஏன் இருமுகிறார்கள் என்று ஒரு வரியில் கேட்டிருந்தது. டாக்டர் ஒரே சொல்லில் பதில் எழுதி வந்திருந்தார்: 'பரம்பரை'. முதல் சான்றிதழ் எங்கள் வீட்டுக்கு. மேலாளர் குடும்பமே கையெழுத்துப் போட்டுவிட்டால் மற்ற நூற்று இருபது வீடுகளும் போடும். கீழே, 'தாய் அல்லது பாதுகாவலர்' கையெழுத்துக்கு ஒரு கோடு.

எங்கள் தாத்தா முதல் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்ட வருடம் தொடங்கிய இருமல் அது. அதற்கு முன் எங்கள் வம்சத்தில் யாரும் இருமியதாகத் தகவல் இல்லை. பரம்பரை என்றால் எங்காவது தொடங்கத்தானே வேண்டும்!

மருமகள் தாளைப் படித்தாள். "மாமா, நான் உங்க ரத்தம் இல்லையே. எனக்கு எப்படி வந்துச்சு?"

"வந்த ஆறே மாசத்துல இருமினியேம்மா! இந்த வீட்டோட இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போன மருமக வேற யாரு? உங்க அத்தைக்கே ரெண்டு வருஷம் ஆச்சு."

எல்லோரும் படத்தைப் பார்த்தோம். கண்ணாடியில் சாம்பல் படிந்து முகம் தெரியவில்லை.

"காலையிலதான் துடைச்சேன்," என்றாள் மருமகள்.

"அது சாம்பல் இல்லம்மா, 'மிதக்கும் கனிமம்'. சுற்றறிக்கையே அனுப்பியிருக்கேன்," என்றான் தம்பி.

"சரி சின்ன மாமா, தூசி அளக்கிற மெஷின் என்ன சொல்லுது?"

"சுத்தம்னு சொல்லுது. விருந்தினர் மாளிகை ஏசி ரூம்ல உறை போட்டு வெச்சிருக்கோம்."

"எதுக்கு உள்ள?"

"வெளிய வெச்சா தூசி பட்டுக் கெட்டுப்போயிடும்மா. அது விலை தெரியுமா உனக்கு?"

அப்போது மின்சாரம் போயிற்று. எங்கள் மின்சாரம் முதலில் தூரத்து நகரங்களுக்குப் போகும். கொடுத்துப் பழகிய குடும்பம் எங்களுடையது. மின்விசிறி நின்றதும் சிட்டு இருமத் தொடங்கினாள். மரியாதைக்கு நாங்களும் இருமினோம். அவள் உதட்டில் நீலம் படர்ந்தது. மருமகள் இன்ஹேலரை இரண்டு முறை அழுத்தி, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அப்படியே தாத்தாவை உரிச்சு வெச்சிருக்கா!" என்றேன்.

மருமகள் என்னைப் பார்க்கவில்லை. "டாக்டர், உங்க பிள்ளைங்க எங்க இருக்காங்க?"

"மலைப்பக்கம், ஹாஸ்டல்லம்மா. அங்க இங்கிலீஷ் நல்லா வரும்."

"மூச்சும் வருமா?"

டாக்டர் பேனாவை மூடினார். மருமகள் உள்ளே போய்ப் பெட்டி கட்டினாள்.

"நீ என்னடா சும்மா நிக்கிற?" என்று மகனைக் கேட்டேன்.

"ஷிஃப்டுக்கு நேரமாச்சுப்பா," என்றவன், அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் வாசலைத் தாண்டினான்.

பத்து நாள் கழித்து அவள் தாய்வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. எடுத்ததும் சிட்டுவின் குரல்.

"தாத்தா, நான் ஓடினேனே! தெருக்கோடி வரைக்கும்!"

"மூச்சு வாங்கலையாம்மா?"

"இல்லையே."

மருமகள் வாங்கிப் பேசினாள். "எட்டு நாளா இன்ஹேலரைத் தொடவே இல்ல மாமா. நீங்களும் வந்துடுங்களேன்."

நான் பதில் சொல்வதற்குள் இருமல் வந்துவிட்டது. நான்கு தலைமுறைச் சொத்தை எட்டே நாளில் தொலைத்த முதல் வாரிசு என் பேத்தி.

நான்காவது புகைபோக்கி இப்போது நன்றாகவே புகைகிறது. குடியிருப்பில் ஒரு வதந்தி உலவுகிறது. பாதுகாவலர் என்ற முறையில் அந்தக் கோட்டின் மேல் நான் கையெழுத்துப் போட்டபோது, குழந்தைக்கு இருமல் நின்ற விஷயம் பெரியவருக்குத் தெரியாது, பாவம் என்று எனக்காகப் பரிந்து பேசுகிறார்கள். அது தவறு. தொலைபேசி வந்தது செவ்வாய்க்கிழமை. நான் கையெழுத்துப் போட்டது புதன்கிழமை.