கழுத்தளவு தண்ணீரில் இரண்டு சம்பந்திகள்

எங்கள் தெருவில் யாராவது கப்பல் சுற்றுலா போவதாக இருந்தால், கிளம்பும் முன் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. (இதுவரை போனது மொத்தமே மூன்று குடும்பம்தான். இருந்தாலும் வழக்கம் வழக்கம்தானே.) எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி.

"அண்ணாச்சி, கப்பல் கரையில நிக்கிற அன்னைக்கு ஏதோ ரிசார்ட்டுக்கு டே பாஸ் போடலாம்ங்காவ. ஒரு பகல் பூரா அங்கன இருந்துட்டு வரலாமாம். போடலாமா, வேண்டாமா?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுக்களையில் என் மனைவி பேச்சியம்மாள் சிரிக்க ஆரம்பித்துவிடுவாள். கேட்க வந்தவர், பாவம், தன் கேள்வியில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார். அதனால் நடந்ததை ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. ராஜபாளையத்தில் வீட்டிலேயே நாலு மிஷின் போட்டு நைட்டி தைக்கிறேன். பத்தாவது வரை படித்தவன். படிப்பு குறைவு என்பதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கூச்சம் அதிகம் என்பதில்தான் வருத்தம். பஸ்ஸில் என் நிறுத்தத்தை கண்டக்டர் மறந்து விசில் கொடுத்துவிட்டால், "நிறுத்துங்க" என்று சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிற ஜாதி நான்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த சம்பந்தி, போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் மகாவை ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறோம். சம்பந்தி தங்கமான மனிதர். ஆனால் அந்த மீசையும் அந்தக் குரலும்! "சாப்பிட்டீங்களா?" என்று அவர் அன்பாகக் கேட்டாலே, நேற்று ராத்திரி எங்கே இருந்தாய் என்று கேட்பது போல எனக்கு இருக்கும். அதனால் தீபாவளிச் சீர், பொங்கல் சீர் எதுவானாலும் என் மச்சினன்தான் அவர் வீட்டுக்குள் கொண்டுபோய்க் கொடுப்பான். நானும் கூடப் போவேன். அவர் தெருமுக்கு டீக்கடை வரைக்கும்.

இதை அவர் கூச்சம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. திமிர் என்று எடுத்துக்கொண்டார்.

மகா உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? பேச்சியம்மாள் தொட்டில் கட்டப் பழைய பருத்திச் சேலைகளைத் துவைத்து மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அந்தச் சேதி வந்தது. "பேறுகாலத்த இங்கனயே பாத்துக்கிடுவோம். கூப்பிட ஆள் வந்தாத்தான அனுப்பி வைக்க? அவியளுக்குத்தான் நம்ம வீட்டுப் படி ஏறுனா கால் தேஞ்சிரும்லா" என்று சம்பந்தி சொல்லிவிட்டாராம்.

பேச்சியம்மாள் என்னிடம் சண்டை போடவில்லை. மடித்த சேலைகளைப் பிரித்து, மறுபடி மடித்து வைத்தாள். அதற்கு அவள் சண்டையே போட்டிருக்கலாம்.

மாப்பிள்ளைக்குச் சென்னையில் ஒரு டிராவல்ஸில் வேலை. அவர்தான் இந்த யோசனையைச் செய்தார். சென்னையிலிருந்து இலங்கை போய் வருகிற கப்பலில், சலுகை விலையில் நாலு டிக்கெட். அவர் அப்பா அம்மாவுக்கு இரண்டு, எங்களுக்கு இரண்டு. "பஸ்னா ஒருத்தரு பாதியில எறங்கிப் போயிருவாவ மாமா. கப்பல்ல முடியாதுல்லா?" என்றார். மகா ஃபோனில் தனியாக என்னிடம், "அப்பா, மாமா எது சொன்னாலும் மறுத்துப் பேசிராதீங்க" என்றாள். (மாப்பிள்ளையும் அவர் அப்பாவிடம் தனியாக இதையே சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.)

கப்பலில் எல்லாம் இருந்தது. நீச்சல் குளம் இருந்தது, சோறு இருந்தது, ஆட்டம் பாட்டு இருந்தது. எங்களுக்குள் பேச்சு மட்டும் இல்லை. மறுநாள் திருகோணமலையில் கப்பல் நிற்கும் என்றபோது, என்ன செய்யலாம் என்று ஒரு பெண் இரண்டு படங்களை நீட்டினாள். ஒன்று கோணேஸ்வரம் கோயில். இன்னொன்று கடற்கரை ரிசார்ட்டுக்கு டே பாஸ். மதியச் சாப்பாடு, நீச்சல் குளம், துண்டு, எல்லாம் அதில் அடக்கம்.

"நீங்க என்ன சொல்லுதீய சம்பந்தி?" என்றார் ஏட்டு.

"உங்க இஷ்டம்."

"அதெல்லாம் இல்ல, உங்க இஷ்டந்தான்."

சொல்லிவிட்டு அந்த ரிசார்ட் படத்தையே உற்றுப் பார்த்தார். ஆகா, மனிதருக்கு ஆசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். "ரிசார்ட்டுக்கே போவோமே" என்றேன். "உங்களுக்குப் பிடிச்சிருந்தாச் சரி" என்றார். அவர் உற்றுப் பார்த்தது, இவ்வளவு சின்னக் குளத்தில் யார் குளிப்பார்கள் என்ற சந்தேகத்தில்தானாம். நாலு பேரும் மனதுக்குள் கோணேஸ்வரரைக் கும்பிட்டுக்கொண்டே ரிசார்ட்டுக்குப் பணம் கட்டினோம்.

மறுநாள் காலை அங்கே போனதும் கையில் ஆளுக்கொரு அடையாளப் பட்டையைச் சுற்றினார்கள். பெண்கள் இருவரும் கடலில் கால் நனைக்கப் போனார்கள். நாங்கள் இருவரும் குளத்தைப் பார்த்தபடி நின்றோம். "காசு கட்டியாச்சு, குளிக்கலேன்னா எப்படி?" என்றார் சம்பந்தி. மறுத்துப் பேசக் கூடாதே! வேட்டியோடு இறங்கப் போன எங்களை ஒரு தம்பி ஓடிவந்து தடுத்து, ரிசார்ட்டிலேயே இரவலாக இருந்த நீச்சல் டிரவுசர் இரண்டைக் கொடுத்தான்.

எனக்கு வந்ததில் கிளிப் படம் போட்டிருந்தது. தொழில்காரன் ஆனதால் தொட்டதுமே தெரிந்துவிட்டது, இடுப்பு எலாஸ்டிக் செத்துப் பல நாள் ஆகியிருந்தது. வேறு கேட்கலாம்தான். கேட்க வாய் வேண்டாமா? ஒரு கையால் பிடித்தபடி வெளியே வந்தேன். எதிர் அறையிலிருந்து சம்பந்தி வந்தார். அவருடையது இரண்டு அளவு சின்னது. ஒருவரை ஒருவர் பார்க்காதது போல வானத்தைப் பார்த்துக்கொண்டே போய், துண்டுகளை ஆளுக்கொரு சாய்வு நாற்காலியில் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் விழுந்தோம்.

கழுத்தளவு தண்ணீருக்குள் நின்றதும்தான் உயிர் வந்தது. அது ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. பெண்கள் கடலிலிருந்து திரும்பி வந்து, சரியாக அந்த இரண்டு நாற்காலிகளிலேயே, எங்கள் துண்டுகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

இனி எப்படி ஏறுவது? சம்பந்தியம்மாவுக்கு முன்னால் கிளி டிரவுசரோடு நான் நிற்பதா? என் மனைவிக்கு முன்னால் அவர் நிற்பதா? நான் பேச்சியம்மாளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். புருவத்தை உயர்த்தி, தலையைச் சாய்த்து, எழுந்து போ என்று ஜாடை காட்டினேன். அவள் சம்பந்தியம்மாவிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்ல, இப்போது இருவரும் கையை ஆட்டினார்கள்.

சாப்பாட்டு வாசனை வந்தது. மீன் பொரிக்கிற வாசனை. எல்லாரும் தட்டோடு போனார்கள்.

"ஏறுங்க சம்பந்தி, சாப்பிடப் போவோம்" என்றார் அவர்.

"நீங்க மொதல்ல ஏறுங்க. பொறவு நான் வாரேன்."

"நீங்கதான் மொதல்ல."

பிறகு, பசிதான் காரணமாக இருக்க வேண்டும், நானாகவே வாய் திறந்தேன். "எனக்கு எலாஸ்டிக் போச்சு சம்பந்தி. கைய எடுத்தா எறங்கிரும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "எனக்கு பின்னால கிழிஞ்சு போச்சு" என்றார்.

"எம்புட்டு?"

"அம்புட்டும்."

இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்த சிரிப்பில் தண்ணீர் வாய்க்குள் போய் இருமினோம். அவர் நிறுத்திவிட்டு, "ஒண்ணு கேக்கேன். ஏன் ஒருநா கூட எங்க வீட்டுப் படி ஏறல?" என்றார்.

தப்பி ஓட இடமில்லை. எழுந்தால் கிளி.

"வந்தேன். ஒவ்வொரு தடவையும் வந்தேன். உங்க தெருமுக்கு டீக்கடை வரைக்கும்."

"அந்தக் கடையிலயா? அந்த டீய மனுசன் குடிப்பானா?"

"அதக் குடிச்சிட்டு உக்காந்திருப்பேன், மச்சினன் திரும்பி வார வரைக்கும். எனக்குப் பயம்."

"எதுக்குப் பயம்?"

"உங்க மீசைக்கு."

அவர் மீசையைத் தொட்டுப் பார்த்தார். அது நனைந்து, இரண்டு பக்கமும் தொங்கி, தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இப்பவும் பயமாவா இருக்கு?"

"இப்ப இல்ல."

"முப்பது வருசம் இந்த மீசைய வச்சு உத்தியோகம் பாத்துட்டேன். வீட்டுலயும் ஒருத்தரும் நின்னு பேச மாட்டாவ. என் மகனே வாசல்ல நின்னுதான் பேசுவான்" என்றார். சொன்ன குரலில் போலீஸே இல்லை.

அந்தத் தெம்பில் கேட்டுவிட்டேன். "பிள்ளைய பேறுகாலத்துக்கு எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க சம்பந்தி."

"வீட்டுக்கு வந்து கேளுங்க."

"இங்க கேட்டா செல்லாதா?"

"டிரவுசர கையில பிடிச்சிக்கிட்டுக் கேட்டா அது அழைப்பா? படி ஏறி வந்து, நாலு பேரு முன்னால, வாயத் தெறந்து கேக்கணும்."

அதற்கப்புறம் என்னென்னவோ பேசினோம். அவர் மம்சாபுரத்துத் தோட்டம், என் மிஷின்கள், பிள்ளைகள். விரல்கள் ஊறிச் சுருங்கின. மதியச் சாப்பாட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். பெண்கள் அசையவில்லை. கடைசியில் டிரவுசர் கொடுத்த அதே தம்பி வந்து, "கப்பல்காரர் எல்லாரும் வெளிக்கிடுங்கோ ஐயா, பஸ் வந்திட்டுது" என்றான்.

சம்பந்தி திட்டம் போட்டார். உடை மாற்றும் அறைக்குக் கடற்கரை வழியாகச் சுற்றிப் போனால் பஸ் போய்விடும். ஆகையால் நேர்வழிதான். அவர் முன்னால் போவது, நான் அவர் முதுகோடு ஒட்டி நடந்து அவருடைய கிழிசலை மறைப்பது, என் இடது கை எலாஸ்டிக்கில், வலது கை அவர் தோளில். நன்றாகத்தான் போனது. கப்பலில் வந்த அத்தனை பேரும் பஸ்ஸுக்கு நின்றபடி எங்களைப் பார்த்தார்கள். பெண்கள் இருந்த இடத்துக்கு நேரே வந்தபோது, பழைய போலீஸ் பழக்கத்தில் சம்பந்தி சட்டென்று விறைப்பாக நின்றார். நான் போய் மோதினேன். விழாமல் இருக்க இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்தேன்.

இரண்டு கையாலும்.

கிளிகள் முழங்காலுக்கு இறங்கின. உள்ளே நான் போட்டிருந்தது, நைட்டி தைத்து மிஞ்சிய துணியில் நானே தைத்துக்கொண்ட உள்டிரவுசர். மஞ்சளில் பெரிய பெரிய ரோஜாப்பூ. (துணியை வீணாக்கக் கூடாது என்பது என் கொள்கை.) நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதுவரை நான் குரலே கேட்டிராத சம்பந்தியம்மா பேசினார்.

"மதினி, பொங்கலுக்கு நீங்க எனக்குக் குடுத்துவிட்ட நைட்டி இந்தத் துணிதான?"

பஸ்ஸில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பசியில் என் வயிறு கத்தியது. பேச்சியம்மாள் காதோரம் கேட்டேன், "எந்திச்சுப் போன்னு அம்புட்டு ஜாடை காட்டுனேன்லா? ஏன் போகல?"

"எப்படிங்க போக? ஜாடை மொதல்ல வெளங்கல, வெளங்குறதுக்குள்ள ரெண்டு பேரும் சிரிச்சுப் பேச ஆரம்பிச்சிட்டீய. நடுவுல யாரும் வந்து கெடுத்துரக் கூடாதுன்னு நானும் மதினியும் காவலுக்கு உக்காந்திருந்தோம். சாப்பிடக் கூப்பிட வந்த தம்பியக்கூட ரெண்டு தடவ திருப்பி அனுப்புனோம். நாங்களும் சாப்பிடலல்லா?"

ஆக, டே பாஸ் போடலாமா? கப்பலிலேயே சும்மா கிடைக்கிற குளத்தையும் சோற்றையும் கரையில் காசு கொடுத்து வாங்குவது வீண் என்றுதான் கணக்குப்படி சொல்ல வேண்டும். கரையில் கிடைப்பதே அரைப் பகல். அதில் ஊரைப் பார்க்கலாம், கோயிலைப் பார்க்கலாம். நாங்கள் அந்தப் பாஸில் ஒரு வாய் சோறுகூடச் சாப்பிடவில்லை. ஆனாலும் வீண் என்று சொல்ல எனக்கு நாக்கு வரமாட்டேன் என்கிறது.

ஊர் திரும்பியதும், மகாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வளைகாப்பு. தட்டுகளோடு போனோம். இந்த முறை டீக்கடையைத் தாண்டினேன். படியும் ஏறினேன். வீடு நிறைய அவர்கள் சொந்தக்காரர்கள். நடுவில் நாற்காலியில் சம்பந்தி. மீசை காய்ந்து, பழையபடி முறுக்கேறி இருந்தது.

"வாங்க சம்பந்தி. என்ன விசயம்?" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன். பேச்சியம்மாள் என் முழங்கையை இடித்தாள். கைநிறைய வளையலோடு மகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கத் தொடங்கியது.

சம்பந்தி கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பிப் போலீஸ் குரலில் கத்தினார்: "ஏட்டி! பெரிய அண்டாவுல தண்ணி ரொப்பி நடு வீட்டுல கொண்டாந்து வையி! சம்பந்தி கழுத்து மட்டும் எறங்குனாத்தான் பேசுவாவ!"

சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சிரித்தேன். சிரிப்போடு சிரிப்பாக அதுவும் வெளியே வந்துவிட்டது. "பிள்ளைய பேறுகாலத்துக்கு எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க சம்பந்தி."

"கூட்டிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான்.

பேத்தி ராஜபாளையத்தில்தான் பிறந்தாள். அவளுக்கு என்ன பெயர் வைப்பது, எந்தக் கோயிலில் காது குத்துவது என்று இரண்டு வீட்டுக்கும் கருத்து வேறுபாடு வராமல் இல்லை. வரும்போதெல்லாம் மகா, "ரெண்டு தாத்தாவையும் மொதல்ல தண்ணிக்குள்ள எறக்கி விடுங்க" என்பாள். சம்பந்தியும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. மம்சாபுரத்துத் தோட்டத்தில் பம்ப்செட் தொட்டி இருக்கிறது. முக்கியமான சங்கதி எதுவானாலும் எனக்கு ஃபோன் வரும். குசலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது.

"சம்பந்தி, ஒரு விசயம் பேசணும். துண்டு எடுத்துட்டு வந்துருங்க."